மைதானக் கேள்விகளுக்கு ஓர் உடற்கல்வி இயக்குநரின் பதில்கள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். பயிற்சி, காயம், களைப்பு என்று எதைப் பற்றியும் கேளுங்கள். மருந்துச் சீட்டு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

சார், முந்தாநாள் முதல் தடவையா ஸ்குவாட் போட்டேன். இன்னைக்குப் படி இறங்க முடியலை. லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சுன்னு ஜிம்ல சொல்றாங்க. எப்படி வெளியேத்துறது?

வெளியேற்ற அங்கே ஒன்றும் இல்லை, தம்பி. பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் (ஜிம்மில் சொல்லும் லாக்டிக் ஆசிட்) ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும். உங்களுடையது 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும் வலி. ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத இழைகள் அதில் நுண்ணியதாகச் சிதையும். இரண்டு நாள் மெதுவாக நடங்கள். அடுத்த முறை அதே பயிற்சிக்கு இவ்வளவு வலி வராது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த செட்டுக்கு மட்டும் போகாதீர்கள்.

தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆகணுமா?

வேண்டாம். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. ‘மான்போ-கே’ என்றால் பத்தாயிரம் அடி மீட்டர். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை வேறு கணக்கு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. இந்த இரண்டு நாளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறீர்கள்.

எந்தப் புரோட்டீன் பவுடர் நல்லது?

முதலில் ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள். பிறகு பேசலாம்.

கணுக்கால் மடங்கி வீங்கிடுச்சு. எக்ஸ்ரே எடுக்கணுமா?

அடிபட்ட உடனேயும் இப்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் சுரீர் என்றாலோ, எடுக்க வேண்டும். எக்ஸ்ரே தேவையா என்று மருத்துவர்கள் முடிவு செய்ய உதவும், 1992-இல் வெளியான ஒட்டாவா விதிகளின் சாரம் இது. பாதத்தின் நடுப்பகுதியில் எலும்பு வலித்தாலும் மருத்துவர் பார்க்கட்டும். வீக்கம் வடிந்ததும் ஒற்றைக்காலில் நின்று சமநிலைப் பயிற்சி செய்யுங்கள். அதைச் செய்யாமல் களத்துக்கு ஓடுகிறவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது.

நானும் பயிற்சியாளர்தான். லேட்டா வர்ற பசங்களைப் பத்து ரவுண்டு ஓட விடுறேன். ஒழுக்கத்துக்கு இதைவிட நல்ல வழி இருக்கா?

இதை நிறுத்துங்கள், சார். பயிற்சிக்கு ஓர் அளவு உண்டு. யாருக்கு எவ்வளவு, எப்போது ஓய்வு என்று யோசித்துத்தான் கொடுக்கிறோம். தண்டனைக்கு அந்த அளவு கிடையாது. நிறுத்தியே ஆக வேண்டிய பையன்தான், பயத்தில் நிறுத்த மாட்டான்.

விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில் முந்நூறு ஸ்குவாட் போட வைத்தால் தசை இழைகள் உடைந்து, அவற்றில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போகும். சிறுநீரகம் செயலிழக்கலாம். ‘ராப்டோமயோலிசிஸ்’ என்பது இதுதான். அந்த வலிக்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைப் போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். நான் மாத்திரை, மாத்திரை என்று அலறுவது இதனால்தான்.

அதே பயிற்சியாளர்: நாங்களும் ஓடித்தான் வளர்ந்தோம். யாரும் சாகலையே?

செத்திருக்கிறார்கள், சார். 2018 மே 29 அன்று அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 110 கெஜ ஓட்டத்தைப் பத்து முறை ஓட விட்டார்கள். ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது அமெரிக்கக் கால்பந்து வீரர் வெப்பத் தாக்குதலில் சரிந்தார். குளிர்நீரில் அமிழ்த்தவில்லை. ஆம்புலன்சை அழைக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஜூன் 13 அன்று இறந்துபோனார்.

அது பயிற்சி ஓட்டம்தானே, தண்டனை இல்லையே?

உண்மை. அதனால்தான் சொல்கிறேன். திட்டமிட்ட பயிற்சி, சுற்றிலும் ஆட்கள், அப்படி இருந்தும் அந்தப் பிள்ளை போய்விட்டான். உங்கள் பத்து ரவுண்டில் யார் கவனிக்கிறார்கள்? வெயிலில் ஓடுகிறவன் தள்ளாடினாலோ, உளறினாலோ, முதலில் குளிர்நீரில் இறக்குங்கள், அதோடு ஆம்புலன்சை அழையுங்கள். உடல் குளிர்ந்த பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

மாணவி ஒருவர்: எங்க கோச் ஓட விட்டதுல ஓட்டத்தையே வெறுத்துட்டேன் சார்.

இந்த ஒரு வரியை அந்தப் பயிற்சியாளர் நண்பர் இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். பிள்ளைகள் ஓட்டத்தை விரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம்.

நாளைக்கு மேட்ச், முட்டி வலி. மாத்திரை போட்டு ஆடலாமா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். கூடாது.

ஆட்டத்துக்கு முன்னாடி மட்டும் ஒண்ணே ஒண்ணு?

கூடாது, தம்பி. வலி தெரியாத முட்டியால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது.

நான் நெடுந்தூர ஓட்டக்காரி. நாலு மாசமா மாதவிடாய் வரலை. எடை குறைஞ்சதை கோச் பாராட்டுறார். இதை அப்படியே விட்டுடலாமா?

அப்படியே விடக் கூடாது, அம்மா. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வேறு காரணம் இருக்கிறதா என்று அவர் சோதிப்பார். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதாவிட்டால், உடல் சில வேலைகளை நிறுத்தி வைத்து மிச்சம் பிடிக்கும். அதில் மாதவிடாய் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பின் அடர்த்தி குறையும், காலில் மயிரிழை விரிசல் விழலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இலேயே இதை ‘ரெட்-எஸ்’ (விளையாட்டில் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயரிட்டு எச்சரித்திருக்கிறது. இந்த வயதில் சேர்க்கிற எலும்புதான் அறுபதில் உங்களைத் தாங்கப் போகிறது. கோச்சிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால், அவரை என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

சிக்ஸ் பேக் எத்தனை நாள்ல வரும்?

ஐந்தாவது முறையாக இந்தக் கேள்வி. நாள் கணக்குச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள்.

மறுபடியும் அந்தப் பயிற்சியாளர்: சரி சார், ஓட விடலை. லேட்டா வர்றவனை என்ன பண்றது?

கேட்டதற்கு நன்றி, சார். லேட்டாக வந்தாலும் வார்ம்-அப்பை முழுதாக முடித்த பிறகே அவன் பந்தைத் தொட வேண்டும். மற்றவர்கள் ஆட, அவன் ஓரமாக நின்று அதைச் செய்யட்டும். அவனுக்கு இருபது நிமிட ஆட்டம் போய்விடும். அதற்கே மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.