ஆக்டிவேட் ஆகியிருக்கிறது, உரிமம் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 18 விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் உள்ளன. முன்பு வேலை பார்த்த டெக்னீஷியன் ஏதோ ஸ்கிரிப்ட் ஓட்டி எல்லாவற்றையும் ஆக்டிவேட் செய்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது மென்பொருள் நிறுவனத்தின் சார்பில் உரிமக் கணக்கு கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் பார்த்தால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்', 'லைசென்ஸ்டு' என்றுதான் வருகிறது. அதையே ஆதாரமாக அனுப்பலாமா? மேலாளரோ, பதில் போடும் முன் கட்டளை கொடுத்துக் கீகளை எல்லாம் நீக்கிவிடு என்கிறார். நீக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

கீயை நீக்குவதை முதலில் பார்ப்போம், செய்துவிட்டால் சரிசெய்ய முடியாதது அதுதான். விண்டோஸ் உரிம நிலையைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையுடன் யுபிகே கொடுத்தால் ப்ராடக்ட் கீ கழன்றுவிடும்; சிபிகேஒய் கொடுத்தால் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் கீ அழியும். ஆனால் விண்டோஸ் அங்கேயேதான் ஓடிக்கொண்டிருக்கும். ஒப்பந்தம் கணக்கில் எடுப்பது நிறுவிப் பயன்படுத்தியதை, ஆக்டிவேட் செய்ததை அல்ல. எனவே உரிமப் பற்றாக்குறையில் ஒன்றுகூடக் குறையாது. கடிதம் வந்த பிறகு தடயத்தை அழித்தார்கள் என்ற குற்றச்சாட்டுதான் கூடுதலாகச் சேரும். விண்டோஸ் தானாக எழுதி வைக்கும் அப்ளிகேஷன் ஈவென்ட் லாகில் 12288, 12289 எண்ணுள்ள பதிவுகள், ஆக்டிவேஷன் கோரிக்கை எந்தத் தேதியில் எந்த சர்வருக்குப் போனது, என்ன பதில் வந்தது என்பதைக் காட்டும். கீயை நீக்கினால் அவை போவதில்லை. லாகையே அழித்தால் அழித்ததும் ஒரு பதிவாகிவிடும். மேலாளர் மறுபடி வற்புறுத்தினால், "கடிதம் நிலுவையில் இருப்பதால் எந்தக் கம்ப்யூட்டரிலும் மாற்றம் செய்யவில்லை" என்று மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கேள்வி வந்தால், கட்டளையை அடித்தவர் நீங்கள்தான்.

இனி, அந்த அவுட்புட். நீங்கள் ஆதாரம் என்று நினைக்கும் வரிதான் உங்கள் பிரச்சினையே. கேஎம்எஸ் என்பது நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை அதன் சொந்த சர்வர் வழியாகவே ஆக்டிவேட் செய்யும் முறை. உண்மையான கேஎம்எஸ் சர்வர், குறைந்தது 25 விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தன்னிடம் கேட்டால்தான் அவற்றை ஆக்டிவேட் செய்யும். உங்களிடம் இருப்பதோ 18. இதற்கு நியாயமான விளக்கங்களும் உண்டு: விர்ச்சுவல் மெஷின்களும் அந்த எண்ணிக்கையில் சேரும், நிறுவனத்தின் கணக்குகளையும் கம்ப்யூட்டர்களையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி வழியாக ஆக்டிவேட் செய்தால் 25 என்ற வரம்பே இல்லை, அப்போதும் இதே 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்' என்ற வரிதான் தெரியும். இவை இரண்டும் இல்லையென்றால், டெக்னீஷியன் ஓட்டியது போலி கேஎம்எஸ் என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். எஸ்எல்எம்ஜிஆருடன் டிஎல்வி கொடுத்தால் வரும் நீண்ட அவுட்புட்டில் கேஎம்எஸ் மெஷினின் பெயரும் முகவரியும் இருக்கும். அங்கே 127-இல் தொடங்கும் முகவரியோ (அதே கம்ப்யூட்டரையே குறிப்பது), உங்களுக்குத் தொடர்பே இல்லாத இணைய முகவரியோ இருந்தால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் கீயின் கடைசி ஐந்து எழுத்து ஒன்றாகவே இருக்கிறதே என்று பதற வேண்டாம், அதை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம். விண்டோஸ் 10, 11 ப்ரோவில் கேஎம்எஸ் கிளையன்ட் என்றால் எங்கும் டி83ஜிஎக்ஸ் என்றுதான் முடியும். அது மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக வெளியிட்ட பொதுவான கீ. யாரிடம் உரிமம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

பதற்றத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்: உங்கள் கம்ப்யூட்டர்களுக்கு ஏற்கெனவே உரிமம் இருக்கலாம். பிராண்டட் கம்ப்யூட்டராக வாங்கியிருந்தால் தயாரிப்பாளர் போட்ட ஓஇஎம் கீ பெரும்பாலும் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (உள்ளே பதிந்த நிரலில்) இருக்கும். பவர்ஷெல்லில் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் மூலம் சாஃப்ட்வேர்லைசென்சிங்சர்வீஸ் என்ற கிளாஸைக் கேட்டால், ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்ப்ராடக்ட்கீ என்ற இடத்தில் அது தெரியும். அது ப்ரோவுக்கானது, ஓடுவதும் ப்ரோ என்றால், அந்தக் கம்ப்யூட்டரின் பில்லோடு சேர்த்து வலுவாக வாதிடலாம். ஹோம் கீ இருந்து ப்ரோ ஓடினால் பற்றாக்குறை எடிஷன் வித்தியாசம் மட்டுமே என்று வாதிடலாம். பகுதி பகுதியாக வாங்கிப் பொருத்திய கம்ப்யூட்டரில் இந்த இடம் காலியாக இருக்கும். அதற்குத் தனியாக வாங்கிய பில் வேண்டும். ஓஇஎம் உரிமம் அந்தக் கம்ப்யூட்டரை விட்டு நகராது என்பதால், பழசைக் கழித்துவிட்டு அதன் கீயைப் புதியதில் போட்ட கணக்கு செல்லாது. வால்யூமில், அதாவது நிறுவனங்களுக்கான மொத்த ஒப்பந்தத்தில், வாங்கும் விண்டோஸ் டெஸ்க்டாப் உரிமமும் அப்கிரேட் உரிமம்தான், அடியில் தகுதியான மூல உரிமம் இல்லாமல் நிற்காது.

கணக்கெடுக்கும்போது எஸ்எல்எம்ஜிஆரில் நிலையைப் படிக்கும் கட்டளைகளை மட்டும் ஓட்டுங்கள்: டிஎல்ஐ, டிஎல்வி, எக்ஸ்பிஆர். ஐபிகே, ஏடிஓ, எஸ்கேஎம்எஸ், ரீஆர்ம் எல்லாம் நிலையை மாற்றுபவை. ஓஇஎம் கீயைக் கண்டுபிடித்த ஆர்வத்தில் உடனே அதைப் போட்டுவிடாதீர்கள். முதலில் இருந்த நிலை பதிவாகட்டும். எஸ்எல்எம்ஜிஆரை நேரடியாக ஓட்டினால் விடை குட்டி ஜன்னலில் வரும், கோப்பில் சேராது. சிஸ்கிரிப்ட் வழியாக ஓட்டினால் கோப்புக்குத் திருப்பலாம். அந்த விடையில் கம்ப்யூட்டர் பெயர் இருக்காது. ஹோஸ்ட்நேம், தேதி, சீரியல் எண் மூன்றையும் அதே கோப்பில் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரே மாதிரியான 18 கோப்புகள்தான் கையில் இருக்கும். ஆஃபீஸ் இருந்தால் அதன் உரிம நிலையைக் காட்டும் ஓஎஸ்பிபி ஸ்கிரிப்டில் டிஸ்டேட்டஸ் கொடுத்து அதையும் எடுங்கள்.

டெக்னீஷியனின் மற்ற ஸ்கிரிப்ட்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அக்செப்ட் யூலா (உரிம ஒப்பந்தத்தை ஏற்கிறேன்) என்ற வரி இருந்தால், நிறுவனத்துக்காக வேலை செய்தவர் ஒப்புக்கொண்டதாகவே பொதுவாகக் கொள்ளப்படும். "நாங்கள் படிக்கவே இல்லை" என்பது எடுபடாது. எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைக் கன்டெய்னரில் (தனித்து ஓடும் மென்பொருள் தொகுப்பில்) எடிஷன் குறிப்பிடாமல் நிறுவியிருந்தால் அது டெவலப்பர் எடிஷனாகத்தான் ஓடும், அன்றாட வணிக வேலைக்கு அதில் அனுமதி இல்லை. விண்டோஸ் கணக்கை விட இது பெரிய தொகையாக வந்து நிற்கலாம்.

கடிதத்துக்கு வருவோம். அனுப்பியவருக்கு அதிகாரம் உண்டா, எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி கேட்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தாமாக முன்வந்து கணக்குக் கொடுங்கள் என்ற அழைப்பும், ஒப்பந்தப்படியான தணிக்கையும் வேறு வேறு. பெற்றுக்கொண்டோம், பதிலுக்கு இத்தனை நாள் வேண்டும் என்று மட்டும் இப்போதைக்கு எழுதினால் போதும். அவர்கள் தரும் ஸ்கேன் கருவியை ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ஓட்டாதீர்கள். உங்கள் கணக்கெடுப்பையே வழக்கறிஞர் கேட்டு நடத்தியதாக அமைத்தால், பல நாடுகளில் அந்த அறிக்கைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கும். இதற்காகவே அவரை முதல் நாளே பிடியுங்கள்.

பற்றாக்குறை உறுதியானால் வாங்குங்கள், ஆனால் பில்லில் இன்றைய தேதிதான் இருக்க வேண்டும். முன்தேதியிட்ட பில், சிவில் விவகாரத்தை மோசடிப் புகாராக மாற்றிவிடும். புதிதாக வாங்கியதால் பழைய பயன்பாடு தானாக மன்னிக்கப்படாது. கடந்த காலத்துக்கான கோரிக்கையைக் கைவிடுகிறோம் என்ற வாசகம் சமரச ஒப்பந்தத்தில் இருந்த பிறகே பணம் கொடுங்கள். கணக்கு அறிக்கையில் இயக்குநரோ அதிகாரம் பெற்ற வேறொருவரோ கையெழுத்திடட்டும். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.