சென்னையின் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தையை ஏன் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள்? மாற்றியதால் நெரிசல் தீர்ந்ததா?

ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால், லாரி. காய்கறி எந்த வண்டியில் வந்து இறங்குகிறதோ, அந்த வண்டி நிற்கவும் திரும்பவும் இடம் இருக்கிறவரைதான் மொத்த வியாபாரச் சந்தை ஓர் இடத்தில் தாக்குப்பிடிக்கும். கொத்தவால் சாவடியில் அந்த இடம் தீர்ந்துபோனது. கோயம்பேட்டிலும் இன்று வரை நடக்கிற தகராறுகளில் பெரும்பகுதி வண்டி நிறுத்துகிற தகராறுதான்.

முதலில் பெயர். கொத்தவால் என்பது முகலாயர் காலத்து நகர அதிகாரியின் பதவிப் பெயர். ஊர்க்காவலோடு கடைத்தெருவின் விலை, எடை, அளவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவருடைய சாவடி இருந்த இடம் கொத்தவால் சாவடி. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கருப்பர் நகரம் என்று அழைத்த இன்றைய ஜார்ஜ் டவுனில், கோவிந்தப்ப நாயக்கன் தெரு, ஆதியப்ப நாயக்கன் தெரு, அண்ணா பிள்ளை தெரு என்று நெருக்கமாக ஓடும் சந்துகளுக்கு நடுவே சந்தை வளர்ந்தது. சந்தை இருந்த மனை கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்துக்குச் சொந்தமானது. ஆகவே, அங்கே கடை வைத்திருந்தவர்கள் வாடகைக்காரர்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துக்கு அது அருமையான இடம். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் சென்ட்ரல் ஸ்டேஷனும் சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையமும். பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆந்திரப் பக்கத்துச் சரக்கு பேசின் பிரிட்ஜ் வரை படகில் வந்துவிடும். அங்கிருந்து மாட்டு வண்டியும் கைவண்டியும் போதும், அவை நுழைகிற அளவுக்குத்தான் தெருக்களும் இருந்தன. லாரிப் போக்குவரத்து பெருகியதும் கணக்கு மாறியது. எட்டடி அகல லாரி அந்தச் சந்துகளில் நுழைந்தால் எதிரே எதுவும் வரமுடியாது, திரும்பவும் முடியாது. அதனால் சரக்கை ஓரத்தில் இறக்கிக் கைவண்டியில் ஏற்றி, கடை வாசலில் மறுபடி இறக்குவார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு கூலி. தக்காளி மாதிரி சரக்கு என்றால், கைமாற்றத்துக்குக் கைமாற்றம் கொஞ்சம் நசுங்கலும் உண்டு. அந்தச் செலவும் சேதமும் கடைசியில் விலையில்தான் வந்து உட்காரும்.

சந்தையை வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற யோசனை 1970களிலிருந்தே நகரத் திட்டத்தில் இருந்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தேர்ந்தெடுத்தது கோயம்பேடு. காரணம் எளிது: பெங்களூரு நோக்கிப் போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் நூறடி சாலையும் சந்திக்கிற இடம் அது. கத்திப்பாரா வழியாகத் தென்மாவட்டச் சாலை, மாதவரம் வழியாக ஆந்திரச் சாலை. நகரத்துக்குள் நுழையாமலே லாரி வந்து போகலாம். சுமார் 295 ஏக்கர் வளாகத்தில் 70 ஏக்கர் அளவுக்குக் காய், கனி, பூ அங்காடி, மொத்தம் 3,194 கடைகள். 1996இல் திறப்பு.

கட்டிடம் கட்டினால் வியாபாரி வந்துவிடுவார் என்பது அதிகாரிகளுக்கு மட்டுமே உள்ள நம்பிக்கை. பழைய வாடிக்கை, கடன் கொடுக்கல் வாங்கல், பக்கத்திலேயே கிட்டங்கி, இதையெல்லாம் விட்டுவிட்டு 10 கிலோமீட்டர் தள்ளி யார் போவார்? இரண்டு விஷயம் காரியத்தை முடித்தது. ஒன்று, அதே 1996இல் வந்த சட்டம். குறிப்பிட்ட பொருள்களின் மொத்த வியாபாரத்தைச் சென்னைப் பெருநகரப் பகுதியில் அறிவிக்கப்பட்ட அங்காடிக்கு வெளியே நடத்தக் கூடாது என்றது அது. இரண்டாவது, கடைகளை வாடகைக்கு விடாமல் விலைக்கே கொடுத்தார்கள். 150 சதுர அடிச் சின்னக் கடை முதல் 2,400 சதுர அடிக் கடை வரை. தேவஸ்தானத்து வாடகைக்காரராக இருந்தவர் கோயம்பேட்டில் சொந்தக்காரர் ஆனார். சட்டத்தைவிட இதுதான் அதிகம் வேலை செய்தது என்பது என் கணிப்பு. பூ வியாபாரிகளில் ஒரு பகுதியினர் மட்டும் பத்ரியன் தெருவை விட்டுப் பல ஆண்டுகள் அசையவே இல்லை. பூ கூடையில் தலைச்சுமையாகப் போகிற சரக்கு, லாரித் தொல்லை அவர்களை அந்த அளவுக்கு அழுத்தவில்லை. மளிகை, பருப்பு, வெல்லம், மசாலாச் சரக்கு எல்லாம் இன்றும் கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம்தான்.

நெரிசல் தீர்ந்ததா என்றால், ஜார்ஜ் டவுனில் காய்கறி லாரிகளால் வந்த நெரிசல் தீர்ந்தது. கோயம்பேட்டில் என்ன நடக்கிறது என்பதை ஒரு தக்காளிப் பெட்டியை வைத்துப் பார்க்கலாம். மதனப்பள்ளி, கோலார், கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்து ஏற்றிய லாரி இரவில் வந்து சேரும். பெட்டிக்கு ஏறக்குறைய 15 கிலோ. பெரும்பாலான சரக்கு கமிஷனுக்கு வருவது. விவசாயியோ ஊர் வியாபாரியோ அனுப்ப, மண்டிக்காரர் விற்றுக் கொடுத்து, லாரி வாடகை, இறக்குக்கூலி, கமிஷன் போக மீதியை அனுப்புவார். நள்ளிரவு தாண்டியதும் எத்தனை லோடு வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வரத்துதான் விலை. தக்காளியைப் பழுத்த பிறகு நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது, அதனால் பத்து லோடு கூடினால் காலை எட்டு மணிக்குள் விலை சரிகிறது. பத்து லோடு குறைந்தால் எதிர்மாறு. மழையில் ஆந்திர, கர்நாடகச் சரக்கு கெட்டதும் 2021 நவம்பரில் சென்னையில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது வந்த வழக்கைக் கவனித்திருந்தால் நான் சொல்லும் லாரிக் கதை இன்னும் தெளிவாகும்: தக்காளி லாரி இறக்குவதற்கு வளாகத்தில் ஒரு மைதானம் வேண்டும் என்று வியாபாரிகள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.

அங்கே வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அதிகாலை மூன்றிலிருந்து ஆறு மணிக்குள் சில்லறைக் கடைக்காரர்கள் வாங்குவார்கள், சரக்கு முதல்தரம், விலையும் முதல் விலை. ஒன்பதுக்கு மேல் விலை இறங்கும், ஆனால் மிஞ்சியது பொறுக்கிப்போட்ட சரக்கு. பெட்டியாக வாங்கினால் மேலடுக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையைப் பக்கவாட்டில் விட்டு அடியில் இருப்பதைத் தொட்டுப் பாருங்கள், பெட்டியின் அடி ஈரமாக இருந்தால் உள்ளே நசுங்கியிருக்கிறது. வெங்காய மூட்டையை வாங்குமுன் முகர்ந்து பாருங்கள். தார்ப்பாய் மூடி நாள்கணக்கில் ஓடிவந்த நாசிக் சரக்கு வேர்த்திருந்தால் புழுங்கிய வாடை அடிக்கும், அது ஒரு வாரம் தாங்காது. ஏற்றுக்கூலியையும் குட்டியானை வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 20 கிலோவுக்குக் குறைவாக வாங்குபவருக்குத் தெருமுனைக் கடையைவிடப் பெரிய லாபம் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்ததன் மறுபக்கம் 2020இல் தெரிந்தது. கொரோனா கோயம்பேட்டிலிருந்து கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை பரவியது. சரக்கோடு ஆட்களும் போய்வந்த தடம் அது. மே 5ஆம் தேதி சந்தையை மூடி, காய்கறியைப் பூந்தமல்லி தாண்டித் திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். திறந்தவெளியில் தற்காலிகக் கொட்டகைகள். லாரி நிற்க இடம் தாராளம். ஆனால் மழை பெய்ததும் தரை சேறாகி, மூட்டைகள் நனைந்து அழுகின. கொத்தவால் சாவடியில் கூரை இருந்தது, இடம் இல்லை. திருமழிசையில் இடம் இருந்தது, கூரையும் தளமும் இல்லை. செப்டம்பர் 28ஆம் தேதி கோயம்பேட்டைத் திறந்தபோது முதலில் சுமார் 200 பெரிய கடைகளுக்கு மட்டுமே அனுமதி. சின்னக் கடைக்காரர்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்குள் அவர்களின் வாடிக்கையாளர்களில் பலர் வேறு இடம் பழகிவிட்டார்கள்.

பேருந்து நிலையத்தின் கதையும் இதனோடு ஒட்டியது. 2002இல் சந்தைக்குப் பக்கத்திலேயே வெளியூர்ப் பேருந்து நிலையம் வந்தபோது, வளாக வாசலில் லாரியும் பேருந்தும் முட்டிக்கொண்டன. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் திறந்தபின் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போனதால் சாலை கொஞ்சம் மூச்சு விடுகிறது. ஆனால் இரண்டு மூட்டையைப் பேருந்தில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பிய சின்ன வியாபாரிக்கு இப்போது கிளாம்பாக்கம் வரை தனி வண்டிச் செலவு.