சமையல் ஆப்புக்கு ஸ்பான்சர்: யாரிடம் போவது, எவ்வளவு கேட்பது?

கேள்வி: தமிழ்ச் சமையல் குறிப்பு ஆப் ஒன்றை வெளியிட்டு நான்கு மாதமாகிறது. 14,000 டவுன்லோடு. மசாலா கம்பெனி எதுவும் ஸ்பான்சர் செய்யுமா? என்ன விலை சொல்லலாம்? – கோவை வாசகர்

பதில்: 14,000 டவுன்லோடைச் சொல்லி விலை பேச முடியாது. தினமும் எத்தனை பேர் திறக்கிறார்கள், ஆளுக்கு எத்தனை குறிப்பு பார்க்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். ஆப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் கூகுளின் ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ் இணைத்திருந்தால் இரண்டுமே அதில் கிடைக்கும்.

தினம் 1,500 பேர், ஆளுக்கு 4 குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். குறிப்புக்கு ஒரு விளம்பரம் என்றால் ஒரு நாளைக்கு 6,000, மாதத்துக்கு 1,80,000 தடவை விளம்பரம் கண்ணில் படும். ஆயிரம் தடவைக்கு 100 ரூபாய் என்றால் மாதம் 18,000. அந்த 100 ரூபாய் நியாயமா என்று தெரிய, இரண்டு வாரம் அட்மாப் (ஆப்களுக்கான கூகுளின் விளம்பரச் சேவை) பேனர் ஓடவிடுங்கள். அதில் வரும் ஈசிபிஎம்தான், அதாவது ஆயிரம் தடவைக்குக் கிடைக்கும் வருமானம்தான், உங்கள் அடிமட்டம். அதற்கும் கீழே கேட்கிறவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஸ்பான்சர் போடும் கணக்கு. ஆயிரத்துக்கு ஐந்து பேர் தட்டினால் மாதம் 900 கிளிக், கிளிக்குக்கு 20 ரூபாய் விழுகிறது. கூகுள் விளம்பரத்தில் அவருக்கு ஒரு கிளிக் 8 ரூபாய்க்குக் கிடைத்தால் உங்களிடம் ஏன் வருவார்? பேனரோடு வேறு எதையாவது சேர்த்துத் தர வேண்டும். அவருடைய சாம்பார் பொடியில் செய்யும் ஆறு குறிப்புகள் தரலாம். வேறு மசாலாவுக்கு இடமில்லை என்ற உறுதியும் தரலாம். உறுதியை 'மசாலாப் பொடி' என்று குறுக்கியே எழுதுங்கள். 'உணவுப் பொருள்' என்று எழுதிவிட்டால் எண்ணெய்க்காரர், மாவுக்காரர் எல்லோரும் கைவிட்டுப் போவார்கள். காசு வாங்கிப் போடும் குறிப்பின் மேல் 'விளம்பரம்' என்று தெளிவாக இருக்கட்டும். ஆப்பை வெளியிடும் பிளே கன்சோலிலும் விளம்பரம் உண்டு என்று அறிவிக்க வேண்டும்.

பெரிய மசாலா பிராண்டுகளுக்கு மெயில் அனுப்பிக் காத்திருப்பது வீண். அங்கே பெரும்பாலும் ஏஜென்சி வழியாகத்தான் வேலை நடக்கும். உங்கள் ஊரிலேயே வெட் கிரைண்டர் கம்பெனிகள், செக்கு எண்ணெய், பாக்கெட் இட்லி மாவு என்று இருக்கிறார்களே! பல இடங்களில் முதலாளியையே நேரில் பார்த்துவிடலாம். தீபாவளி விளம்பரப் பணத்தை ஒதுக்கி முடிப்பதற்குள், எட்டு வாரம் முன்னதாகப் போங்கள். பவர்பாயின்ட் ஸ்லைடு வேண்டாம். அவருடைய லோகோவைப் போட்ட டெஸ்ட் பில்டை (ஆப்பின் சோதனைப் பதிப்பை) போனில் திறந்து அவர் கையில் கொடுங்கள்.

லோகோவை ஆப்பின் நிரலிலேயே (code) பதித்துவிடாதீர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும், அப்டேட் செய்யாதவர்கள் போனில் பழைய ஸ்பான்சர் நின்றுகொண்டே இருப்பார், புதியவர் சண்டைக்கு வருவார். ஆப்பை அப்டேட் செய்யாமலே உள்ளே இருப்பதை மாற்ற உதவும் ஃபயர்பேஸின் ரிமோட் கான்ஃபிக் வழியாகக் காட்டினால் அன்றைக்கே மாற்றலாம்.

முதல் ஒப்பந்தம் மூன்று மாதம் போதும். பாதிப் பணம் முன்பணம். 1,80,000 கணக்கு வந்தால் 1,50,000-க்கு மட்டும் உறுதி கொடுங்கள். அதுவும் குறைந்தால் பணம் திருப்பித் தருவதில்லை, நாள் நீட்டிப்பு என்று எழுத்தில் இருக்கட்டும். கிளிக் எண்ணிக்கை உங்களிடம் ஒன்றும் அவரிடம் ஒன்றுமாக வரும். யார் கணக்கு செல்லும் என்பதையும் அதிலேயே முடித்துவிடுங்கள்.

தனிநபர் பெயரில் பில் போட்டால், ஒரே பில் 30,000 ரூபாயையோ ஆண்டு மொத்தம் 1 லட்சத்தையோ தாண்டும்போது கம்பெனி 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிக்கான பிடித்தம்) பிடிக்கும். பான் எண் அவசியம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவில்லாமல் பில்லில் 18 சதவீதம் சேர்த்து வாங்கக் கூடாது.