பீமில் கறுப்பு ஷீட் ஒட்டினால் அதிர்வு நிற்குமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் வாடகை ஷெட்டில் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். 6 மீட்டர் நீளத்தில் இரண்டு ஐ பீம் போட்டு மேலே மெசனைன் (இடைத்தளம்), அதில்தான் கம்ப்ரசர். கீழே இடமில்லை. அது ஓடினால் மேலே இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் டயல் கேஜ் முள் நிற்பதில்லை. ஃபாயில் வைத்த கறுப்பு டேம்பிங் (அதிர்வை விழுங்கும்) ஷீட்டை பீம் முழுக்க ஒட்டினால் சரியாகிவிடும் என்று ஒருவர் 42,000 ரூபாய் கேட்கிறார். ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

ஷீட் போலி இல்லை. கார் கதவில் நன்றாகவே வேலை செய்யும். கதவுத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதன் மேல் 2 மி.மீ. பிசுபிசுப்பான ரப்பர் என்றால் பெரிய சங்கதி. உங்கள் பீமோ 200 மி.மீ. உயரமாவது இருக்கும். அது வளையும்போது ரப்பரும் ஃபாயிலும் கூடவே லேசாக நீண்டு சுருங்கும், அவ்வளவுதான். யானைக்குப் பிளாஸ்திரி.

அதிர்வை விழுங்க ரப்பர் நீண்டால் போதாது, தேய்பட வேண்டும். கொழுக்கட்டை மாவை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து ஒரு கையை முன்னும் மறு கையைப் பின்னும் தள்ளிப் பாருங்கள். பீம் ஒரு கை. மேலே கனமான எம்.எஸ். ஃப்ளாட், அதாவது இரும்புப் பட்டை, மறு கை. நடுவில் விஸ்கோஎலாஸ்டிக் படலம், அதாவது பாதி ரப்பர், பாதி பிசின் மாதிரியான பொருள். அது தேய்படும்போது அதிர்வு வெப்பமாக மாறிக் கரையும். மெல்லிய ஃபாயில் கை ஆகாது.

இந்த சாண்ட்விச்சை ஒழுங்காகச் செய்பவர்களும் குறைவு. நான் போய்ப் பார்த்த ஒரு ஷெட்டில் படலம், ஃப்ளாட் எல்லாம் சரியாக வாங்கியிருந்தார்கள். "பசை விட்டுடும் சார்" என்று கான்ட்ராக்டர் அடிக்கு ஒரு வெல்டிங் பொட்டு வைத்துவிட்டார். இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிய மாதிரி. தேய்க்க என்ன இருக்கிறது? போல்ட்டை இறுக்கினாலும் இதே கதைதான். ஷாட் பிளாஸ்ட் (இரும்புக் குருணையை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது) இல்லாவிட்டாலும் பெயின்ட்டையாவது கிரைண்டரில் எடுத்து, கெட்டியாக இறுகும் எபாக்ஸியை மெல்லிசாகத் தடவி ஒட்ட வேண்டும்.

இன்னொன்று, வெயில். கேட்லாகில் டேம்பிங் எண் பிரமாதமாக இருக்கும். அது எந்த வெப்பநிலையில், எந்த அதிர்வெண்ணில் அளந்தது என்று கேளுங்கள். இந்தப் பொருட்கள் குளிரில் கண்ணாடி மாதிரி விறைக்கும், சூட்டில் குழைந்துவிடும். நடுவில் ஒரு குறுகிய பட்டையில்தான் நன்றாக விழுங்கும். 20 டிகிரியில் அளந்த எண்ணை நம்பி வாங்கினால், ஏப்ரல் மதியம் தகரக் கூரைக்கு அடியில் உங்கள் பீம் இருக்கும் சூட்டில் அது வேறு பொருள். டிசம்பர் காலையில் இன்னொரு பொருள். காலையில் நன்றாக இருந்தது, மதியம் ஆடுகிறது என்று சிலர் சொல்வது பொய்யில்லை. டேட்டா ஷீட்டில் கிராஃப் இல்லையென்றால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

சரி, உங்களுக்கு என்ன வழி? கம்ப்ரசரை அணைத்துவிட்டு, டேபிளில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, மெசனைனில் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதியுங்கள். நீர் சட்டென்று அடங்கினால் பீமுக்கு டேம்பிங் போதும். எதை ஒட்டினாலும் காசு தண்டம். நெடுநேரம் சிலிர்த்தாலும் முதலில் கம்ப்ரசரின் காலைப் பாருங்கள்.

மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்றினாலும், பம்ப் புல்லி இரட்டிப்பு அளவு என்றால் பம்ப் 720தான். நொடிக்கு 12 உதை. அதைத் தடுக்கும் மவுண்ட், அதாவது கம்ப்ரசரின் காலுக்கு அடியில் வைக்கும் தாங்கி, எடை ஏறியதும் சுமார் 16 மி.மீ. இறங்க வேண்டும். ரப்பர் பேட் அவ்வளவு இறங்காது, பழைய டயர்த் துண்டைச் சொல்லவே வேண்டாம். ஸ்பிரிங் மவுண்ட்தான்.

தளம் அதிர்வதைப் பற்றி ஐ.எஸ். 800:2007 என்ற எஃகுக் கட்டுமான விதிநூலில் தனிப் பின்னிணைப்பே இருக்கிறது. மெசனைன் போடுபவர்கள் அதைத் திறந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டியிருந்திருக்காது. இங்கே டிராயிங்கில் சீல் விழுவதே பெரிய காரியம்.

ஸ்பிரிங் வாங்குமுன் நான்கு காலிலும் எடை எவ்வளவு என்று பாருங்கள். எல்லாக் காலிலும் ஒரே எடை இருக்காது. அப்புறம் காற்று போகும் இரும்புப் பைப்பை அப்படியே விட்டால் அது வழியாகவும் அதிர்வு இறங்கும். கம்ப்ரசர் வாயில் ஒரு முழம் ஃப்ளெக்சிபிள் ஹோஸ் போடுங்கள்.