மூடிய டப்பாவுக்குள் வண்டு எப்படி வந்தது?

கேள்வி: எவர்சில்வர் டப்பாவைக் கழுவிக் காயவைத்து, புது அரிசியைக் கொட்டி இறுக மூடி வைத்தேன். ஒன்றரை மாதம் கழித்துத் திறந்தால் வண்டு ஊர்கிறது. "அரிசியிலேயே பிறக்கும், அதற்குத் தாய் தகப்பன் கிடையாது" என்கிறார் மாமியார். ஒன்பதாவது படிக்கும் மகன் உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்கிறான். அப்புறம் அவனே, "அப்படியானால் முதல் உயிர் எதிலிருந்து வந்தது?" என்றும் கேட்கிறான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் டப்பாவைப் பார்ப்போம். அந்த வண்டில் ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள், தலையின் முன்னால் மூக்கு மாதிரி நீண்டிருக்கும். பெண் வண்டு அதன் நுனியால் அரிசியில் குழி தோண்டி, ஒரு முட்டையை உள்ளே வைத்து, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஒரு மாதம் போல ஆனதும் வண்டாக ஓட்டை போட்டு வெளியே வரும். நீங்கள் டப்பாவை மூடும்போதே முட்டை உள்ளே இருந்தது, மூட்டையிலோ கிடங்கிலோ வைத்த முட்டை.

மாமியாரிடம் வாதாட வேண்டாம், அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். அதே அரிசியில் இரண்டு கைப்பிடி எடுத்து, வண்டைப் பொறுக்கிவிட்டு, ஒன்றை ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு இரண்டையும் தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி இரண்டு மாதம் விட்டுவிடுங்கள். அரிசிதான் வண்டைப் பெறுகிறது என்றால் இரண்டிலும் வர வேண்டுமே!

இது பழைய, பெரிய நம்பிக்கை. நம் நூல்களும் உயிர்களை முட்டை, கருப்பை, வித்து, வியர்வை என்று நான்கு வழியில் பிறப்பதாகப் பிரித்தன, பேன் வியர்வையில் பிறக்கும் என்றார்கள். ஐரோப்பாவிலும் அரிஸ்டாட்டில் தொடங்கி இதையேதான் நம்பினார்கள். இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி 1668-இல் இறைச்சி வைத்த பாத்திரங்களை மெல்லிய துணியால் மூடிக் காட்டினார், ஈ உட்கார முடியாத இறைச்சியில் புழு வைக்கவில்லை. சரி, கண்ணுக்குத் தெரியாத கிருமி? அதற்குப் பதில் கிடைக்க இன்னும் இருநூறு ஆண்டு ஆனது. லூயி பாஸ்டர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கழுத்தை அன்னத்தின் கழுத்துபோல நீட்டி வளைத்த குடுவையில் சாற்றைக் கொதிக்க வைத்தார். வாய் திறந்தே இருந்தது, காற்றும் போய் வந்தது, தூசி மட்டும் வளைவில் தங்கிவிட்டது. சாறு கெடவே இல்லை. குடுவையைச் சாய்த்து அந்த வளைவிலுள்ள தூசியைச் சாறு தொடும்படி செய்தால், சில நாளிலேயே கலங்கிப்போகும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏனென்றால் "காற்று போகாததால்தான் உயிர் வரவில்லை" என்று இதில் யாரும் சொல்ல முடியாது.

இனி மகனின் கேள்வி, அதுதான் கடினமானது. பாஸ்டர் காட்டியது இன்றைய கிருமி, ஏற்கெனவே முழுமையான ஓர் உயிர், சில நாளில் சாற்றிலிருந்து திடீரென்று முளைக்காது என்பதை. உயிரே இல்லாத பூமியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் என்ன நடந்திருக்கலாம் என்பது அந்தக் குடுவைக்குள் அடங்காத விஷயம். பூமிக்கு வயது சுமார் 450 கோடி ஆண்டு, ஏறக்குறைய 350 கோடி ஆண்டுப் பாறைகளிலேயே நுண்ணுயிர்களின் தடம் இருக்கிறது. நடுவில் எங்கேயோ வேதியியல் உயிரியலாக மாறியது என்பதே அறிவியலாளர்களின் கருத்து, என் கருத்தும் அதுதான். 1920-களில் ரஷ்யாவின் ஓபாரினும், பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரத்தில் மறைந்த ஹால்டேனும் இதைத் தனித்தனியே எழுதினார்கள். ஸ்டான்லி மில்லர் என்ற சிகாகோ மாணவர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி நிரம்பிய கண்ணாடிக் கலத்தில் நாள் கணக்கில் மின்பொறி பாய்ச்சினார். தண்ணீர் முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு நன்றாகச் சிவந்தது, அதில் புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் இருந்தன. 1953-இல் முடிவு வெளியானது. ஆதிக் காற்று அப்படியே இருந்ததா என்று பிறகு சந்தேகம் வந்தது உண்மைதான். ஆனால் 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் கிடைத்தன.

செங்கல் கிடைத்ததால் வீடு வந்துவிடாது. தன்னையே நகலெடுக்கும் மூலக்கூறு எப்படி உண்டானது என்பதுதான் இன்றும் முடியாத வேலை. தகவலையும் சுமந்து வேதிவினையையும் நடத்தக்கூடியது நம் செல்களிலும் இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு என்பதால், அதுதான் முதலில் வந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சோதனைச் சாலையில் வெறும் ரசாயனத்திலிருந்து ஓர் உயிரை இதுவரை யாரும் உண்டாக்கவில்லை, உண்டாக்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம்.

"அப்படியானால் இப்போது ஏன் குளத்தில் புதிதாக உயிர் உண்டாவதில்லை?" என்று மகன் அடுத்துக் கேட்பான். டார்வின் 1871-இல் ஒரு கடிதத்திலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: இன்று அப்படி ஒரு பொருள் உருவானால், ஏற்கெனவே இருக்கும் உயிர்கள் அதை உடனே தின்றுவிடும். அன்றைக்கு அதைத் தின்ன யாரும் இல்லை.