ஏதென்ஸ்காரனும் ஸ்பார்ட்டாக்காரனும் காலையில் எழுந்து என்ன செய்தார்கள்? – கேள்வி பதில்

போர்களைப் பற்றி வேண்டாம், சமையல், சம்பளம், கல்யாணம் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். பண்டைய கிரேக்கத்தின் இந்த இரண்டு ஊர்களையும், கி.மு. 5ஆம் நூற்றாண்டையும் 4ஆம் நூற்றாண்டையும் மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பார்ட்டாவின் அன்றாட வாழ்க்கை பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள் எழுதியது. செனபோன் ஏதென்ஸ்காரர், ஸ்பார்ட்டாவின் நண்பர். அரிஸ்டாட்டிலுக்கு அந்த ஊர் மேல் மரியாதை குறைவு. புளூட்டார்க்கோ நாலைந்து நூற்றாண்டு கழித்து எழுதியவர். அவர் சொல்வதில் கொஞ்சம் உப்பு கூடுதலாகவே இருக்கும்.

ஸ்பார்ட்டாவில் ஆண்கள் எல்லோரும் சிப்பாய்கள் என்றால் வயலில் உழுதது யார்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். உழுதவர்கள் ஹெலட்டுகள். ஸ்பார்ட்டாவைச் சுற்றிய லக்கோனியாவிலும் மேற்கே மெஸ்ஸீனியாவிலும் மண்ணோடு கட்டிப்போடப்பட்ட அடிமை மக்கள். விளைச்சலில் ஒரு பங்கை ஸ்பார்ட்டா குடிமகனுக்கு அளந்துவிட வேண்டும். அதனால்தான் அவன் கலப்பையையும் தொடவில்லை, சுத்தியலையும் தொடவில்லை. செருப்பு, பானை, கத்தி செய்ததெல்லாம் சுற்றுவட்டார ஊர்களில் இருந்த பெரியோய்க்கோய் என்ற சுதந்திர மக்கள்தான். அவர்களுக்கு ஓட்டு கிடையாது.

ஹெலட்டுகள் எண்ணிக்கையில் மிக அதிகம். ஆண்டுதோறும் புதிதாகப் பதவியேற்கும் எஃபோர்கள் என்ற உயர் அதிகாரிகள் ஐந்து பேரும் ஹெலட்டுகள் மேல் முறைப்படி போர் அறிவிப்பார்கள். அப்போதுதான் ஹெலட்டைக் கொன்றாலும் பாவம் சேராதாம்! கி.மு. 464 வாக்கில் பெரிய நிலநடுக்கம் வந்து ஊர் இடிந்தபோது, ஹெலட்டுகள் கிளர்ந்தெழுந்து இத்தோமே மலையில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். ஸ்பார்ட்டாவின் கெடுபிடி எல்லாம் வெளி எதிரியை நினைத்து வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். வீட்டுக்குள் இருந்த பயம்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

ஸ்பார்ட்டாக்காரர்களின் அந்தக் கறுப்பு சூப் நிஜமா? தினமும் அதையா குடித்தார்கள்?

பன்றி இறைச்சியும் ரத்தமும் வினிகரும் உப்பும் சேர்த்துக் காய்ச்சியது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் செய்முறை. வெளியூர்க்காரர்கள் அதைக் கேலி செய்தே தீர்த்தார்கள். எனக்குச் சூப்பைவிட அதைக் குடித்த இடம்தான் சுவாரசியம்.

ஸ்பார்ட்டா குடிமகன் வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிடக் கூடாது. பதினைந்து பேர் அளவில் ஒரு பந்தி, தினமும் அங்கேதான். புதிதாக ஒருவனைச் சேர்க்க ஓட்டெடுப்பு உண்டு. பணியாள் ஒருவன் தலையில் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு சுற்றி வருவான். ஒவ்வொருவரும் ஒரு ரொட்டி உருண்டையை அதில் போட வேண்டும். சம்மதம் என்றால் உருண்டையை அப்படியே போடலாம். வேண்டாம் என்றால் நசுக்கிப் போட வேண்டும். ஒரே ஒரு உருண்டை நசுங்கியிருந்தாலும் வந்தவன் வெளியே.

இதற்கு மாதச் சந்தாவும் உண்டு. புளூட்டார்க் கணக்குப்படி ஒரு மெடிம்னோஸ், அதாவது சுமார் 50 லிட்டர் அளவு பார்லி மாவு, எட்டுக் குடுவை திராட்சை மது, இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பாலாடைக்கட்டி, ஒரு கிலோ அளவு அத்திப்பழம், தொட்டுக்கொள்ள வாங்குவதற்குக் கொஞ்சம் காசு. கட்ட முடியாமல் போனால் குடியுரிமையே போய்விடும். நிலம் சிலர் கையில் சேரச் சேர, சந்தா கட்ட முடியாதவர்கள் பெருகினார்கள். கி.மு. 480இல் ஸ்பார்ட்டாவில் 8,000 ஆண்கள் இருந்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அரிஸ்டாட்டில் காலத்தில் குடிமக்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. போரில் செத்தவர்களோடு இந்த மாதச் சந்தாவில் விழுந்தவர்களையும் சேர்த்துத்தான் அந்தச் சரிவைப் பார்க்க வேண்டும்.

ஏதென்ஸ்காரன் மட்டும் வகைவகையாகச் சாப்பிட்டானா?

பெரும்பாலோருக்குப் பார்லி மாவைப் பிசைந்த மாஸா, ஆலிவ், பூண்டு, அத்திப்பழம், கிடைத்தால் உப்பிட்ட சின்ன மீன். இறைச்சி கிடைப்பது பெரும்பாலும் திருவிழாப் பலிகளில்தான். ஆனால் சந்தையில் நல்ல மீனும் வந்தது, காசுள்ளவன் வாங்கினான். கோதுமை கருங்கடல் பக்கமிருந்து கப்பலில் வந்தது. கடல்வழி அடைபட்டால் ஊர் பட்டினி. ஸ்பார்ட்டா கடல்வழியை அடைத்த கி.மு. 405–404இல் நடந்தது அதுதான்.

மக்களாட்சி சரி. அன்றாடம் கூலிக்குப் போகிறவன் எப்படிக் கூட்டத்துக்குப் போனான்?

ஆரம்பத்தில் போகாமல்தான் இருந்தான்! சந்தையில் அரட்டையடித்துக்கொண்டு நிற்பவர்களை, செஞ்சாயம் பூசிய கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, மக்கள் கூட்டம் நடக்கும் னிக்ஸ் குன்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போவார்களாம். உடுப்பில் சாயம் பட்டால் மானம் போயிற்று. நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோபனீஸ் இதை மேடையிலேயே கிண்டலடித்தார்.

கூட்டத்துக்கு வரக் காசு தந்தது கி.மு. 403க்குப் பிறகுதான். முதலில் ஓர் ஓபோல் என்ற சிறு காசு, பிறகு இரண்டு, பிறகு மூன்று. நீதிமன்ற ஜூரிகளுக்கு அதற்கு முன்பே ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் காலத்தில் படி உண்டு, பின்னால் அதுவும் மூன்று ஓபோல் ஆனது. ஆறு ஓபோல் ஒரு டிராக்மா. ஆக ஜூரிப் படி கைத்தொழிலாளியின் அன்றைய கூலியில் ஏறக்குறைய பாதி. வேலை செய்ய முடியாத முதியவர்களுக்கு அது நல்ல வருமானம்.

கூலி என்றதும் இன்னொன்று. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் எரெக்தியோன் கோயிலை முடித்தபோது எழுதிய கணக்குகள் கல்வெட்டாகவே கிடைத்திருக்கின்றன. தூணில் வரிக்குழி செதுக்கியவர்களில் குடிமகன், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவன், அடிமை மூவரும் இருக்கிறார்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி. அடிமையின் கூலி எஜமானுடைய பைக்குப் போயிருக்கும், அது வேறு. ஆனாலும் குடிமகன் அடிமையோடு தோளுரச நின்று உளி பிடித்தான். ஸ்பார்ட்டா குடிமகனுக்கு இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்யவே முடியாது.

பெண்ணாகப் பிறந்தால் எந்த ஊர் தேவலை?

வசதியான குடும்பம் என்றால் ஸ்பார்ட்டா, தயங்காமல் சொல்வேன். அங்கே பெண் பிள்ளைகளும் ஓடினார்கள், மல்யுத்தம் செய்தார்கள். கல்யாணம் பதினெட்டு வயதை ஒட்டித்தான். ஏதென்ஸில் பதினாலு, பதினைந்திலேயே, முப்பதை நெருங்கிய ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஏதென்ஸ் பெண்ணுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. சட்டப்படி அப்பாவோ கணவனோ அண்ணனோ அவளுக்குப் பொறுப்பாளி. ஸ்பார்ட்டாவில் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்தது என்று அரிஸ்டாட்டில் எரிச்சலோடு எழுதுகிறார். அரசர் அகெசிலாவோஸின் தங்கை கினிஸ்கா வளர்த்த குதிரைகள் கி.மு. 396இலும் 392இலும் ஒலிம்பியா தேர்ப் பந்தயத்தில் வென்றன. அந்த வெற்றியைக் கல்லில் பொறித்துப் பெருமையடித்துக்கொண்டார் அவர்.

ஏதென்ஸ் பெண்கள் வாசலே தாண்டவில்லை என்பதும் மிகை. ஏழைப் பெண்கள் சந்தையில் ரொட்டியும் ரிப்பனும் விற்றார்கள். வீட்டோடு இருப்பது பணக்காரப் பெருமை.

அப்படியானால் ஸ்பார்ட்டாதான் முற்போக்கா?

ஹெலட் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

நோஞ்சான் குழந்தைகளை மலையிலிருந்து எறிந்தார்கள் என்பது?

புளூட்டார்க் சொல்வது. பெரியவர்கள் குழந்தையைப் பார்த்து முடிவெடுத்தார்களாம். ஆனால் எறிந்த இடம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட கையாதாஸ் பள்ளத்தில் கிடைத்தவை வளர்ந்தவர்களின் எலும்புகள்தான், கைக்குழந்தைகளுடையவை அல்ல. வேண்டாத குழந்தையை வெளியே விட்டுவிடும் வழக்கம் மற்றக் கிரேக்க ஊர்களிலும் இருந்தது. அங்கே அப்பா முடிவு செய்தார், அவ்வளவுதான்.

இரண்டு ஊர்க்காரர்களும் பேசினால் ஒருவருக்கொருவர் புரியுமா?

புரியும். பேச்சு வழக்குதான் வேறு; ஸ்பார்ட்டாக்காரன் பேசுவது ஏதென்ஸ் மேடையில் சிரிப்புக்கு உத்தரவாதம். ஆனால் தேதி ஒத்துப்போகாது! கி.மு. 423இல் ஓராண்டுப் போர்நிறுத்தம் செய்தபோது, தொடங்கும் நாள் ஏதென்ஸுக்கு எலாபெபோலியோன் மாதம் 14, ஸ்பார்ட்டாவுக்கு கெராஸ்தியோஸ் மாதம் 12. மாதப் பெயரும் வேறு, நாள் எண்ணும் வேறு.

கிரீஸ் போகிறேன். ஸ்பார்ட்டாவில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

ஏதென்ஸ் மாதிரி எதிர்பார்க்காதீர்கள். ஸ்பார்ட்டா பாழாகிக் கோயில்களும் அடித்தளங்களும் மட்டும் மிஞ்சினால், இவர்களா இவ்வளவு வலிமையோடு இருந்தார்கள் என்று பிற்காலத்தார் நம்ப மாட்டார்கள் என்று ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அப்போதே எழுதிவிட்டார். அப்படியே ஆயிற்று.

ஆனாலும் யூரோட்டாஸ் ஆற்றங்கரையில் ஆர்ட்டெமிஸ் ஓர்த்தியா கோயில் இடத்தைப் பாருங்கள். பையன்களைச் சவுக்கால் அடித்த சடங்கு அங்கேதான் நடந்தது. ரோமர் காலத்தில் அது சுற்றுலாக் காட்சியாகவே ஆகி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உட்காரப் படிக்கட்டு அரங்கமும் கட்டினார்கள். இன்று நாம் நம்பும் ‘முரட்டு ஸ்பார்ட்டா’வில் ஒரு பகுதி இந்தச் சுற்றுலாக்காரர்களுக்காக மெருகேற்றியது. அந்தக் கோயிலில் கிடைத்த களிமண் முகமூடிகளும் விரல் நீள ஈயப் பொம்மைகளும் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரை நாள் போதும். மீதி அரை நாளில் பக்கத்து மிஸ்திராஸ் என்ற இடைக்காலப் பாழ்நகரத்துக்குப் போய்விடலாம்.