வலிப்பு வந்து ஓய்ந்ததும் நாய் என்னையே பார்த்து உறுமுகிறது. பாசம் போய்விட்டதா?

இல்லைங்க. வலிப்புக்குப் பிறகு மூளை தெளியச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கண் சரியாகத் தெரியாது, ஆள் அடையாளமும் பிடிபடாது. ஏற்காட்டில் எங்கள் நாய் மணிக்கும் இதேதான். எழுந்ததும் சுவரில் முட்டி முட்டி நடப்பான். நான் தள்ளி உட்கார்ந்து மெதுவாகப் பேர் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்புறம் வால் நுனி மட்டும் லேசாக ஆடும். வந்து என் முழங்காலில் தாடையை வைப்பான். எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

வலிப்பின்போது வாயில் கை வைக்காதீர்கள், நாக்கை விழுங்காது. 5 நிமிடம் தாண்டினால் உடனே டாக்டரிடம் தூக்கிப் போங்கள். மலையில் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும், சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். வலிப்பைக் கட்டுப்படுத்தும் பீனோபார்பிட்டால் மாத்திரை எழுதியிருந்தால் நேரம் தவறக் கூடாது. நன்றாகத்தானே இருக்கிறான் என்று நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.